திருகோணமலைக் கடலில் திமிங்கிலப் படம்

காஞ்சன்பாகில் வசிக்கும் நாம் கடலைக் காணவேண்டுமானால், கிழக்கே சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும். கடற்கரை ஊர்களில் பிறந்து, உத்தியோகத்தின் பொருட்டு இங்கே வந்து குடியேறிய தமிழர்களுக்கு இது தீராத குறை. ஆகவே, 2024-ஆம் ஆண்டு ஏப்ரலில் நாம் இலங்கை சென்று திமிங்கிலங்களைப் படம் பிடித்து வந்த செய்தி பரவியதும், அண்டை வீட்டார் ஆவலோடு வந்து கூடினர். நாம் எடுத்திருந்த படங்கள் 212. அவற்றுள் 190 வெறும் நீர். மற்றவர்களாவது தேறட்டும் என்னும் எண்ணத்தால், நாம் கற்றதை இங்கே கூறுகிறோம். (அரசாங்கத்தின் விடுமுறைப் பயணச் சலுகை கடல் தாண்டாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.)

திருகோணமலையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கரைக்கு மிக அருகிலேயே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. ஆதலின், நெடுந்தூரம் செல்லாமலே ஆழ்கடற் பிராணிகளைக் காண இயலும். கோணேசர் கோயில் கொண்ட குன்றின் மேலிருந்தே சில நாட்களில் அவற்றின் மூச்சு தெரிவதுண்டு. மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை இங்கே பருவம். தெற்கே மிரிஸ்ஸவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை.

விடியற்காலையில் உப்புவெளிக் கரையிலிருந்து சிறிய இயந்திரப் படகில் புறப்பட்டோம். படகோட்டி வயதில் மூத்தவர். நாம் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இருப்பதைச் சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கமராவைக் கீழே வையுங்கோ. முதல்ல மூச்சை எண்ணுங்கோ," என்றார். அன்று நாம் பெற்ற பாடம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

திமிங்கிலம் தண்ணீரைப் பீச்சுகிறது என்று நாம் பள்ளியில் எண்ணியிருந்தோம். உண்மையில் அது மூச்சு. நுரையீரலிலிருந்து விசையோடு வெளிப்படும் வெப்பக் காற்று நீர்த்துளிகளுடன் கலந்து புகைபோலத் தோன்றுகிறது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு நேராக, பனைமரம்போல உயர்ந்து எழும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சு முன்புறமாக இடப்பக்கம் சாய்ந்திருக்கும். தூரத்திலிருந்தே இன்னது என்று அறிவதற்கு இது போதும். நீலத் திமிங்கிலம் சில விநாடிகளுக்கு ஒருமுறையாகப் பல தடவை மூச்சு விட்டபின், முதுகை வழக்கத்தினும் மிகுதியாக வளைக்கும். அடுத்து வாலை உயர்த்தி மூழ்கும். பிறகு பத்து நிமிஷம்போல் காணக் கிடைக்காது. வால் எழும் கணத்தை முன்கூட்டி அறிவிப்பது அந்த வளைவுதான். எண்ணிக்கொண்டிருப்பவன் படம் எடுப்பான்; மூச்சைக் கண்டபின் காமிராவைத் தூக்குபவனுக்கு நீர்தான் கிடைக்கும்.

கருவி பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும். படகின் விளிம்பில் சாய்ந்தால் இயந்திரத்தின் அதிர்வு படத்தில் ஏறும். முழங்காலைச் சற்று மடக்கி நிற்கவேண்டும். உப்புத் துளியைத் துடைக்கப் பழைய வேட்டித் துண்டைவிடச் சிறந்தது இல்லை. கைபேசி எடுக்கும் படத்தில் திமிங்கிலம் மிளகு அளவே தெரியும் என்று உடன் வந்த தங்கை மகளை நாம் பரிகசித்தோம். அதற்காகப் பின்னர் வருந்த நேர்ந்தது.

இப்படங்களுக்கு வேடிக்கைக்கு அப்பாலும் பயன் உண்டு. நீலத் திமிங்கிலத்தின் விலாவிலுள்ள சாம்பல் நிறப் புள்ளிக்கோலம், நம் கைரேகைபோல ஒன்றற்கு ஒன்று வேறுபடும். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு வாலின் விளிம்பிலுள்ள வெட்டுகளே அடையாளம். இவற்றை ஒப்பிட்டே, ஒரே பிராணி எத்தனை ஆண்டு, எந்தெந்தக் கடலில் நடமாடுகிறது என்று கணக்கிடுகிறார்கள். 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 1980-களின் முற்பகுதியில் 'டூலிப்' என்னும் பாய்மரக் கப்பலில் வந்த ஆராய்ச்சியாளர்கள் இலங்கைக் கடலில் இவற்றைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். பின்பு மூண்ட யுத்தம் 2009 வரை நீடித்தமையால், கீழைக் கடலில் நெடுங்காலம் அத்தகைய வேலை நடைபெற இயலவில்லை.

கணக்கு ஏன் வேண்டும்? 1960-களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கொன்றன. அது பல்லாண்டுகள் கழித்தே வெளியாயிற்று. எஞ்சியவற்றுக்கு இன்று வேறோர் ஆபத்து. தேவேந்திரமுனைக்குத் தெற்கே திமிங்கிலங்கள் இரை தேடும் இடத்தின் ஊடாகவே உலகின் நெருக்கடியான கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. மோதுண்டு இறப்பவை உண்டு. 2022-இல் பெருங்கப்பல் கம்பெனி ஒன்று தன் கப்பல்களைத் தானாகவே மேலும் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது. எங்கே, எப்பொழுது, எத்தனை என்று காட்டும் சான்று இன்றி இத்தகைய மாறுதலைக் கோருவது எளிதன்று.

நாமும் நம் பங்கைச் செலுத்த விரும்பினோம். 22 படங்களுள் ஒன்றில் வலப்புற விலாவின் புள்ளிகள் தெளிவாகவே விழுந்திருந்தன. ஆனால், காமிராவின் கடிகாரத்தை வாங்கிய நாள் முதல் நாம் திருத்தியதே இல்லை. படத்திலிருந்த தேதி 2019 ஜனவரி 1. தேதியில்லாத கடிதத்தை எம் அலுவலகத்தில் கோப்பில் சேர்ப்பதில்லை. அதே நியாயம் திமிங்கிலத்துக்கும் பொருந்துமன்றோ?

அப்பொழுதுதான் அந்த மிளகுப் படம் நினைவுக்கு வந்தது. அதே திமிங்கிலம், அதே மூழ்குதல். கைபேசி நாளையும், காலை 7.42 என்ற நேரத்தையும், இடத்தையும் தானே குறித்து வைத்திருந்தது. இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினோம். அனுப்பியவர் பெயர் என்ற இடத்தில் தங்கை மகளின் பெயரை முதலில் எழுதினோம்.