வெள்ளை அறிக்கையை வாசிப்பது எப்படி?

பினாங்கு, ஜார்ஜ்டவுன் நகரின் சூலியா தெருவில் நாணய மாற்றுக் கடைகள் உள்ளன. ரிங்கிட்டைக் கொடுத்து இந்திய ரூபாய் வாங்குபவர் அன்றைய விலையைப் பலகையில் பார்க்கலாம். பெற்ற தாள்களை அங்கேயே எண்ணிச் சரிபார்க்கலாம். இத்தொழிலை நடத்த மலேசியத் தேசிய வங்கியின் உரிமம் தேவை என்கிறது 2011ஆம் ஆண்டின் பணச் சேவை வணிகச் சட்டம்.

மறையீட்டு நாணயத்தை அவ்வாறு கையில் எடுத்துப் பார்க்க இயலாது. அது கணினிப் பதிவுகளில் மட்டுமே உள்ளது. எனவே, புதிய நாணயத்தை வெளியிடுவோர் அதன் நோக்கம், இயங்கும் முறை, மொத்த எண்ணிக்கை ஆகியவற்றை விளக்கி ஓர் ஆவணம் தயாரிக்கின்றனர். இதுவே 'வெள்ளை அறிக்கை'. அரசாங்கம் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யும் வெள்ளை அறிக்கை வேறு. இது விற்பவரே எழுதுவது.

2008 அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் பிட்காயினின் வெள்ளை அறிக்கை வெளிவந்தது. அது 9 பக்கங்களே கொண்டது. வங்கியின் துணையின்றி இருவர் நேரடியாகப் பணம் அனுப்புவது எப்படி, ஒரே நாணயத்தை இருமுறை செலவிடாமல் தடுப்பது எப்படி என்று அது விளக்குகிறது. வாங்கியவருக்கு இலாபம் நிச்சயம் என்ற வாக்குறுதி அதில் இல்லை. எழுதியவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும், அதன் கணினி நிரல் 2009இல் பொதுவில் வெளியிடப்பட்டதால், துறை அறிந்த எவரும் அதனைச் சோதித்துப் பார்க்க முடிந்தது.

எல்லாத் திட்டங்களும் இவ்வாறு அமைவதில்லை. 2014இல் தொடங்கிய 'ஒன்காயின்' திட்டம், தன் நாணயத்திற்குப் பிளாக்செயின் எனப்படும் பதிவேடு உண்டு என்று கூறியது. உண்மையில் அத்தகைய பதிவேடு இல்லை. அதனை நம்பிய மக்கள் இழந்த தொகை 400 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல்.

ஆகவே, வெள்ளை அறிக்கையை வாசிப்பவர் சில வினாக்களை எழுப்ப வேண்டும். இத்திட்டம் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? அதற்குப் புதிய நாணயம் தேவைதானா? மொத்த நாணயங்களில் எத்தனை பங்கை நிறுவனர்களே வைத்துக்கொள்கின்றனர்? கூறப்பட்டதைப் பிறர் சோதிக்க வழியுண்டா? மாதந்தோறும் உறுதியான இலாபம் என்றோ, ஆள் சேர்த்தால் பணம் என்றோ எழுதப்பட்டிருந்தால், அவ்வருமானம் எங்கிருந்து வருகிறது?

மலேசியாவில் மறையீட்டு நாணயம் சட்டப்படி செல்லத்தக்க பணம் அன்று. அனுமதியின்றி முதலீடு திரட்டுவோரின் பெயர்களைப் பத்திரங்கள் ஆணையம் எச்சரிக்கைப் பட்டியலாக வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒரு திட்டம் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. குடும்பச் சேமிப்பை ஒப்படைக்கும் முன், மேற்கண்ட வினாக்களுக்குத் தெளிவான விடை கிடைத்ததா என்று பார்ப்பதே முதற்கடமை.