குறை கண்டறியப்பட்ட புதுப்பித்தலை நிறுவலாமா?

இணையவழி வங்கிச் சேவையைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. "கணினி புதிய பதிப்பை நிறுவச் சொல்கிறது. அந்தப் பதிப்பிலேயே பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாகச் செய்தி வந்திருக்கிறது. பழையதிலேயே இருந்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஓட்டை உள்ள வீட்டுக்கு யார்தான் குடிபோக விரும்புவார்கள்? ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டின் கூரை எப்படி இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டே முடிவுசெய்ய வேண்டும்.

2017ஆம் ஆண்டில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் நிறுவனம் மேக் கணினிகளுக்கான ஹை சியரா இயங்குதளத்தைச் செப்டம்பர் 25 அன்று வெளியிட்டது. அதே நாளில் பாட்ரிக் வார்டில் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ஒரு தீய செயலி அக்கணினியின் கடவுச்சொல் பெட்டகத்தைத் திறந்து, உள்ளிருக்கும் கடவுச்சொற்களைக் களவாட முடியும் என்று செய்துகாட்டினார். வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லும் அப்பெட்டகத்தில்தான் இருக்கும். செய்தியைக் கண்டவர்கள் புதிய பதிப்பைத் தள்ளிப்போட நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் பலர் கவனிக்கத் தவறிய செய்தி ஒன்று அதனுள் இருந்தது: அதே குறைபாடு முந்தைய பதிப்பிலும் இருந்தது. தள்ளிப்போட்டவர் அந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. புதிய பதிப்பில் சரிசெய்யப்பட்டிருந்த வேறு குறைகளையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். ஹை சியராவில் இக்குறைக்கான திருத்தம் அக்டோபர் 5 அன்று, பத்தே நாட்களில் வந்துவிட்டது.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது தணிக்கை அறிக்கையை நினைவூட்டும். தணிக்கையாளர் ஒரு கிளையில் பத்துக் குறைகளைச் சுட்டியிருக்கிறார், மற்றொரு கிளையில் தணிக்கையே நடக்கவில்லை என்றால், இரண்டாவது கிளை குறையற்றது என்று யாரும் சொல்லமாட்டோம். செய்தியில் அடிபடும் மென்பொருள் தணிக்கைக்கு உட்பட்ட மென்பொருள். அதன் குறைகளைத் தேடவும் திருத்தவும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் அச்செய்தி தெரிவிக்கிறது.

இதைவிட முக்கியமானது, திருத்தம் வெளியான பிறகு நடப்பது. ஒரு நிறுவனம் பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிடும்போது, குறை எங்கிருந்தது என்பதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. திருத்தத்துக்கு முந்தைய நிரலையும் பிந்தைய நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், நுழைய வேண்டிய இடம் திருடர்களுக்குப் புலப்பட்டுவிடும். எனவே அந்த நாளிலிருந்து பழைய பதிப்பு முன்பைவிட ஆபத்தானதாக மாறுகிறது. "நேற்றுவரை ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் இங்கே எடுபடாது.

வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் இதை உலகுக்கே உணர்த்தியது. அது பயன்படுத்திய விண்டோஸ் குறைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. தாக்குதல் தொடங்கியது மே 12 அன்று. இடையில் 59 நாட்கள் இருந்தன. ஆயினும் சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. கோப்புகளை விடுவிக்க 300 டாலர் கேட்கப்பட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. மிகப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளே வீழ்ந்தன என்று பலரும் இன்றும் எண்ணுகிறார்கள். உண்மையில் பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை, அன்று திருத்தங்கள் இலவசமாக வந்துகொண்டிருந்த விண்டோஸ் 7 கணினிகள். மருந்து வீட்டிலேயே இருந்தும் உண்ணாமல் விட்ட கதைதான் அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது முறையாகாது. அதே ஹை சியராவில் நவம்பர் 28 அன்று வேறொரு குறை வெளிப்பட்டது. பயனர் பெயர் இடத்தில் 'ரூட்' என்று தட்டி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டாலே கணினியின் முழு அதிகாரமும் கிடைத்துவிடும்! இது முந்தைய பதிப்பில் இல்லாத குறை; காத்திருந்தவர்கள் இதற்குத் தப்பினார்கள். மறுநாளே திருத்தம் வந்தது என்றாலும், அந்த அவசரத் திருத்தம் சிலருடைய கணினிகளில் கோப்புப் பகிர்வைக் கெடுத்தது. 2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்துவிட்டதால், மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்து நவம்பர் 13 அன்று மீண்டும் வெளியிட்டது.

ஆகவே இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே சரி என்பது எங்கள் கருத்து. மாதந்தோறும் வரும் சிறிய பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதிக்கக் கூடாது. வந்த இரண்டொரு நாளில் நிறுவிவிடுங்கள். தோற்றத்தையும் வசதிகளையும் மாற்றும் பெரிய பதிப்பு வேறு வகை. உங்கள் தற்போதைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வருமானால், பெரிய பதிப்புக்குச் சில வாரங்கள் பொறுப்பதில் தவறில்லை. ஆவணங்களைத் தனி வட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுத்துக்கொண்டு நிறுவுங்கள். திருத்தங்கள் நின்றுபோன பதிப்பில் மட்டும் பொறுமைக்கு இடமில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம் என்றே சொல்வோம். கைப்பேசிக்கும் இதுவே பொருந்தும். அமைப்புகள் பகுதியில் கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி இருக்கும், ஒருமுறை பாருங்கள். அது ஓராண்டுக்கும் முந்தையதாக இருந்து, புதிய திருத்தமும் வராவிட்டால், அந்தக் கைப்பேசியைப் பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வங்கிகளும் இந்த விதிக்கு விலக்கல்ல. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்தும், நாட்டின் ஏ.டி.எம்.களில் பல அதிலேயே இயங்கிவந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதித்தது: அவ்வாண்டு செப்டம்பருக்குள் கால்பங்கு, டிசம்பருக்குள் பாதி, மார்ச்சுக்குள் முக்கால்பங்கு, 2019 ஜூனுக்குள் அனைத்தும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றப்பட வேண்டும். உங்கள் கணினிக்கு நாங்கள் கூறும் அறிவுரை எங்கள் இயந்திரங்களுக்கும் கட்டாயம்.

புதுப்பிக்கச் சொல்கிறோம் என்பதற்காக, புதுப்பிக்குமாறு வரும் எல்லாச் செய்திகளையும் நம்பிவிடாதீர்கள். "உங்கள் வங்கிச் செயலி இன்றிரவு முடக்கப்படும், உடனே புதுப்பிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் அது புதுப்பித்தல் அன்று, பொறி. அதை நிறுவியவுடன் உங்கள் குறுஞ்செய்திகளும் ஓ.டி.பி.யும் வேறொருவர் கைக்குப் போய்விடும். இயங்குதளத்தைக் கருவியின் அமைப்புகள் பகுதியிலிருந்தும், செயலியை அதற்குரிய பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்தும் மட்டுமே புதுப்பியுங்கள். எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் செயலியை அனுப்பாது. தெரியாமல் நிறுவிவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கியையும் 1930 என்ற தேசிய உதவி எண்ணையும் அழையுங்கள். பணம் முதற்கட்டக் கணக்கிலிருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடுமுன் தடுத்து நிறுத்த, அந்த முதல் ஒரு மணி நேரமே எங்களுக்குப் பெரிதும் உதவும்.