கப்பல் கட்டலாம், கம்ப்யூட்டர் துணையுடன்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. லெட்டர் டைப் செய்தாகிவிட்டது, பாட்டு கேட்டாகிவிட்டது, பிள்ளைகள் கேம்ஸ் ஆடி அலுத்துவிட்டார்கள். இனி இதை வைத்து என்ன செய்வது? சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் என்னுடைய பதில் கொஞ்சம் விநோதமாக இருக்கும். ஒரு கப்பல் கட்டுங்கள்.

மானிட்டருக்குள் ஓடும் கப்பல் அல்ல. மரத்தால் ஆன, பாய்மரமும் கயிறும் உள்ள, மேஜை மேல் நிற்கும் மாடல் கப்பல். இத்தாலி, ஸ்பெயின், டென்மார்க், அமெரிக்கா போன்ற நாடுகளின் நிறுவனங்கள் இதற்கென்றே கிட் தயாரிக்கின்றன. பெட்டியைத் திறந்தால் லேசரில் வெட்டிய பிளைவுட் துண்டுகள், கட்டுக் கட்டாக மெல்லிய மரப்பட்டிகள், நூல்கண்டுகள், பித்தளையில் குட்டிக் குட்டிச் சாமான்கள், மடித்து வைத்த பெரிய வரைபடங்கள் எல்லாம் இருக்கும். விலை அதிகம், சுங்க வரி வேறு. ஒரு துண்டு வீணானால் தெருமுனைக் கடையில் மாற்று கிடைக்காது. ஆகவே அறுப்பதற்கு முன் நன்றாக அளக்க வேண்டும். அங்கேதான் கம்ப்யூட்டர் கை கொடுக்கிறது.

நான் வாங்கியது 'பவுண்டி' என்ற கப்பலின் கிட். வாங்கியது எனக்காக அல்ல. என் அப்பா முப்பத்தைந்து ஆண்டுகள் மர வேலை செய்தவர். கண் புரை ஆபரேஷனுக்குப் பிறகு பட்டறையை மூடிவிட்டார். உளிப்பெட்டி பரணுக்குப் போய்விட்டது. பகலெல்லாம் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது அவருக்குப் புரியாது. எனக்கோ இழைப்புளி பிடிக்கத் தெரியாது. "சாப்பிட்டியா?" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு நீண்டதில்லை.

கிட்டில் வந்த மேனுவல் இத்தாலிய மொழியிலும், அதைவிடப் புரியாத ஆங்கிலத்திலும் இருந்தது. ஒவ்வொரு படியாகத் தமிழில் எழுதி, வேர்ட் ப்ராசசரில் டைப் செய்து, அப்பா கண்ணாடி போட்டுப் படிக்கும்படி 18 பாயிண்ட் எழுத்தில் பிரிண்ட் எடுத்தேன். கீழ்மரத்துக்கு ஏரா, குறுக்குச் சட்டத்துக்கு வங்கு என்று அகராதி பார்த்துப் போட்டிருந்தேன். அப்பா படித்துவிட்டு, "முதுகெலும்பு, விலா எலும்புன்னு போடு தம்பி, எனக்குப் புரியும்" என்றார். பைண்ட் அண்ட் ரீப்ளேஸ் கொடுத்தேன். பதினோரு பக்கங்களிலும் ஒரே நொடியில் சொல் மாறிவிட்டது. அப்பா முதன்முறையாக மானிட்டரைத் திரும்பிப் பார்த்தது அன்றுதான்.

எரிந்த கப்பலின் வரைபடம்

பவுண்டியின் கதை தெரிந்தால் கட்டும்போது சுவை கூடும். 1784ல் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் 'பெத்தியா' என்ற வணிகக் கப்பலாகக் கட்டப்பட்டது. 1787ல் பிரிட்டிஷ் கடற்படை வாங்கிப் பெயரை மாற்றியது. தாஹிட்டி தீவிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டு போய், அங்கிருந்த அடிமைகளுக்கு மலிவான உணவாகப் பயிரிடுவது திட்டம். தொட்டிகள் வைப்பதற்காகக் கப்பலின் பெரிய அறையையே நர்சரியாக மாற்றினார்கள். 1789 ஏப்ரல் 28ல் பிளெட்சர் கிறிஸ்டியன் தலைமையில் கலகம் வெடித்தது. கேப்டன் பிளையும் 18 பேரும் 23 அடிப் படகு ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, 3,600 கடல் மைலுக்கு மேல் சென்று தைமூரில் கரை சேர்ந்தார்கள். கலகக்காரர்கள் பிட்கேர்ன் தீவில் ஒளிந்துகொண்டார்கள். அங்கே 1790 ஜனவரியில் கப்பல் எரிக்கப்பட்டது. ஆனாலும் கடற்படை வாங்கியபோது அளந்து வரைந்த வரைபடங்கள் கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன.

இங்கே ஓர் எச்சரிக்கை. இன்டர்நெட்டில் பவுண்டி என்று தேடினால் அழகான கலர் போட்டோக்கள் வந்து குவியும். அவற்றில் பல 1962ல் வந்த திரைப்படத்துக்காக 1960ல் கட்டிய கப்பலின் படங்கள். படப்பிடிப்புக்கு இடம் வேண்டும் என்று அதை அசலைவிடப் பெரிதாகவே கட்டினார்கள். 2012 அக்டோபரில் சாண்டி புயலில் அதுவும் மூழ்கிவிட்டது. அந்தப் போட்டோக்களைப் பார்த்து அளவெடுத்தால் கப்பல் கோணலாகிவிடும். ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

பிரிண்ட் எடுக்கும் முன்

வரைபடத்தை வெட்டி ஒட்டி வீணாக்கக் கூடாது. ஸ்கேன் செய்து, பிரதியைத்தான் வெட்ட வேண்டும். ஸ்கேனர் ஏ4 அளவுதான் என்றால், சற்றே ஒன்றன் மேல் ஒன்று வரும்படி பகுதி பகுதியாக 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்திடவும். அதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் பென்சிலால் சரியாக 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவிடுங்கள். பிரிண்ட் கொடுக்கும் விண்டோவில் 'பிட் டு பேஜ்' என்பது தேர்வாகியிருந்தால் எடுத்துவிட்டு, 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றவும். வந்த தாளில் அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அளக்கவும். 97 மி.மீ. இருந்தால் அந்தத் தாள் குப்பைக்கு. மூன்று சதவீதம்தானே என்று விடக்கூடாது. அசல் பவுண்டியின் நீளம் சுமார் 27.7 மீட்டர், 1:50 அளவில் 55 செ.மீ. அதில் மூன்று சதவீதம் என்பது ஒன்றரை செ.மீ.க்கும் மேல். செல்போனில் போட்டோ எடுத்து அளவெடுப்பதும் வேண்டாம். ஓரங்கள் வளைந்து வரும்.

பலகை அடிக்க ஒரு கணக்கு

கிட் வாங்கியவர்கள் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதுகெலும்பில் விலா எலும்புகளைச் செருகி ஒட்டியபின், அவற்றின் மேல் மரப்பட்டிகளைப் பலகையாகப் போர்த்த வேண்டும். கப்பல் நடுவில் பருத்தது, மூக்கில் சிறுத்தது. ஒரே அகலப் பட்டியை நேராக ஓட்டிக்கொண்டே போனால் மூக்கில் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

ஒரு மெல்லிய காகித நாடாவை எடுத்து ஒவ்வொரு விலா எலும்பின் விளிம்போடும் மேலிருந்து கீழ் வரை படியவைத்து அளக்கவும். நடுவில் எங்களுக்கு 120 மி.மீ. வந்தது. பட்டியின் அகலம் 5 மி.மீ.; ஆக 24 பட்டிகள். இதே 24 பட்டிகளும் மூக்கு வரை போக வேண்டும். அங்கே சுற்றளவு 72 மி.மீ. என்றால் ஒவ்வொரு பட்டியும் 3 மி.மீ. ஆகச் சிறுக்க வேண்டும்.

இதை எக்ஸெலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் ப்ரோகிராமிலோ போடலாம். முதல் நெட்டு வரிசையில் விலா எலும்பின் எண், இரண்டாவதில் அளவு. மூன்றாவது வரிசையின் முதல் செல்லில் சமக்குறி போட்டு, பக்கத்து அளவைக் கிளிக் செய்து, வகுத்தல் கோடும் 24 என்ற எண்ணும் டைப் செய்து என்டர் தட்டவும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால், எல்லா எலும்புக்கும் பட்டியின் அகலம் வந்துவிடும். பாதி அகலத்துக்கும் குறைவாக, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழ் எங்கேனும் வந்தால், அவ்வளவு மெலிதாக இழைக்கக் கூடாது. அங்கே ஒரு பட்டியை இடையிலேயே நிறுத்திவிட வேண்டும். பின்பக்கம் எங்களுக்கு 132 மி.மீ.; பட்டிகள் 120 மி.மீ.தான் மூடும். மீதி 12 மி.மீ. இடைவெளியில் ஆப்பு போன்ற துண்டுகளைச் செருகினோம்.

இந்தப் பட்டியலைப் பார்த்த அப்பா, "பீப்பா செய்யறவன் மனசுல போடற கணக்கு இது" என்றார். பரணிலிருந்து உளிப்பெட்டியை அவரே இறக்கிக்கொண்டார்.

கண்ணாடிக் கப்பல்

நான்காவது விலா எலும்பு இடப்பக்கம் சாய்ந்திருப்பதாக அப்பாவுக்குச் சந்தேகம். "கண்ணுக்குத் தெரியல, விரல் சொல்லுது" என்றார். கப்பலை நேர் எதிரே வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திப் போட்டோ எடுத்தேன். அதன் காப்பியை இர்பான்வியூ ப்ரோகிராமில் திறந்து எச் கீயை அழுத்தினால் இடம் வலமாக மாறும். அசலையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் சாய்வு துள்ளித் தெரியும். கிட்டில் அந்தப் பள்ளம் கொஞ்சம் அகலமாக வெட்டப்பட்டிருந்தது. மேல் நுனி ஏறத்தாழ ஒரு மி.மீ. சாய்ந்திருந்தது. ஒட்டியது வெள்ளைப் பசை என்பதால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைத் தடவிக் கழற்ற முடிந்தது. எலும்புக்கூட்டுக்கு உடனடிப் பசையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது மூன்று பாய்மரங்களும் நின்றுவிட்டன; கயிறு கட்டும் கட்டம். எந்தக் கயிறு எந்த முளைக்குப் போகிறது என்ற லிஸ்ட் எட்டுப் பக்கம் வந்திருக்கிறது. கப்பிகள் 3 மி.மீ. அளவுதான், அவற்றின் துளையில் நூல் கோர்ப்பது என் வேலை, முடிச்சு அப்பாவின் வேலை. லிஸ்டை 20 பாயிண்ட்டில் கேட்டிருக்கிறார். பிரிண்டரில் இங்க் தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.