கைக்குழந்தையைச் சிரப் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள்

“புள்ள ராவெல்லாம் தூங்கலண்ணா, சளி சிரப் ஏதாவது குடுங்க.” வடசென்னையின் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் மருந்துக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. மருத்துவர் சீட்டும் இல்லை, பில்லும் இல்லை, பாட்டில் கைமாறிவிடுகிறது. சில வீடுகளில் ஜாதிக்காயை இரண்டு உரசல் கூடுதலாக உரைத்து நாக்கில் தடவுகிறார்கள். இரண்டுமே குழந்தையை மயக்கும் வேலைதான்.

சளி சிரப்புகள் பலவற்றில் குளோர்பெனிரமின் போன்ற தூக்கம் வரவழைக்கும் மருந்து உண்டு. கைக்குழந்தைக்கு அது மூச்சையே மந்தமாக்கிவிடலாம். 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்த நேரம் அது. எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அதற்குப் பிறகும் சீட்டில்லாமல் கேட்கிறோம், கொடுக்கிறார்கள்.

முதல் சில மாதங்களில் குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்காக விழிப்பது நோயல்ல. பகலில் வெளிச்சமும் பேச்சும், இரவில் மங்கிய விளக்கும் பழக்கினால் சில மாதங்களில் இரவு பிடிபடும். மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும், கிரைப் வாட்டர் உட்பட, வேண்டாம்.

ஏற்கெனவே சிரப் கொடுத்துவிட்டீர்களா? எழுப்பினாலும் எழவில்லை, உதடு நீலம், விடாத வாந்தி, சிறுநீர் குறைவு என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு போங்கள். தொகுதி எண் போட்ட பில் கேட்பது உங்கள் உரிமை. பக்க விளைவைத் தெரிவிக்க 1800-180-3024. சீட்டில்லாமல் விற்ற கடை மீது தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்திலுள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள்.

இனி, குழந்தையை எழுப்பிவிடும் சத்தம். துறைமுகத்துக்கு வரிசை கட்டும் டிரெய்லர் லாரிகளின் ஹாரன், தெருமுனை ஒலிபெருக்கி. ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் ஹாரன் கூடாது. திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் கூடாது. விழாவுக்கு அரசு தளர்வு தந்தாலும் ஆண்டுக்கு 15 நாள், அதுவும் நள்ளிரவு 12 வரைதான்.

சத்தம் கேட்கும்போதே 100 அல்லது 112-க்கு அழையுங்கள். மறுநாள் வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், லாரி எண் அல்லது ஒலிபெருக்கி கட்டிய இடம், “விதி 5, 5ஏ மீறல்” என்ற வரி. இரண்டு பிரதி எடுத்து, காவல் நிலையத்தில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் முத்திரை வாங்குங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையப் படி இறங்காதீர்கள். “டெசிபல் அளந்தீர்களா?” என்று கேட்டு அனுப்பிவிடப் பார்ப்பார்கள். இரவுத் தடையை மீறியதே புகாருக்குப் போதும். ஒலி மாசு விதிகளின் 2010 திருத்தம் அப்படித்தான் சொல்கிறது. மனுவை வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) காவல் ஆணையருக்கு அனுப்புங்கள். ராயபுரம், திருவொற்றியூர்க்காரர்களுக்குச் சென்னை ஆணையர். எண்ணூருக்கு ஆவடி ஆணையர். முகவரி மாறினால் மனு அலைந்துகொண்டே இருக்கும். ஆலைச் சத்தம் என்றால் கிண்டியிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

“ஒருத்தர் மனு போட்டு லாரி நிற்குமா?” என்பார்கள். தெருவில் பத்து வீடு கையெழுத்துப் போடட்டும். அதுவரைக்கும் மறுபடி சொல்கிறேன்: மருத்துவர் எழுதாத எந்தச் சிரப்பும், எந்த உரை மருந்தும், அரைச் சொட்டுகூட வேண்டாம்.