பெட்ரோல் விலைக்கு உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும்? ஹங்கேரியில் நடந்தது இதுதான்!

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம், 'இதுக்கு மேல விற்கக் கூடாதுன்னு அரசே சொல்லிட்டா போச்சு' என்ற யோசனை வரும். அதைச் செய்தே பார்த்த நாடு ஹங்கேரி.

என்ன உத்தரவு?

2021 நவம்பர் 15 முதல் ஒரு லிட்டர் பெட்ரோல், டீசல் விலை 480 ஃபோரின்ட்டைத் தாண்டக் கூடாது என்றது பிரதமர் விக்டர் ஓர்பான் அரசு. முதலில் 3 மாதம்தான் என்றார்கள். 2022 ஏப்ரலில் தேர்தல். கெடு நீண்டுகொண்டே போனது.

சிக்கல் எங்கே?

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடிக்க, கச்சா எண்ணெய் விலை எகிறியது. ஹங்கேரி தன் எரிபொருள் தேவையில் ஒரு பகுதியை இறக்குமதி செய்கிறது. அதிக விலைக்கு வாங்கி 480-க்கு விற்றால் நஷ்டம்தானே? இறக்குமதி குறைந்தது. சின்ன பங்க் உரிமையாளர்கள் திணறினர். மறுபக்கம், பக்கத்து நாட்டு வண்டிகளும் மலிவு பெட்ரோலைத் தேடி வந்தன.

மே மாத இறுதியில் வெளிநாட்டு வண்டிகளுக்குச் சலுகை கட். ஜூலை இறுதியில் கம்பெனி கார்களுக்கும் கட். அப்படியும் டிசம்பரில் பங்க்குகளில் நீண்ட க்யூ, பல இடங்களில் 'ஸ்டாக் இல்லை'. டிசம்பர் 6 இரவு உச்சவரம்பையே அரசு நீக்கியது.

அப்போ மக்களுக்கு என்ன வழி?

உச்சவரம்பில், அதிகம் பெட்ரோல் போடுபவருக்கே அதிக லாபம். அதனால்தான், சிரமப்படும் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதே மேல் என்கிறார்கள் பொருளாதார நிபுணர்கள் பலர். போர்டில் விலை குறைவாக இருந்தும் பங்க்கில் பெட்ரோல் இல்லைன்னா, யாருக்கு என்ன பயன்?