தீப்பெட்டி உரசும் பட்டையில் யுன்னான்

விருதுநகரிலிருந்து தெற்கே சூலக்கரையைத் தாண்டினால் சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டி ஆபீஸ்களின் சீமை, மேற்கே சிவகாசி. 2021 டிசம்பர் 1 அன்று, 14 ஆண்டுகளுக்குப் பிறகு, இங்கே ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. உற்பத்தியாளர்கள் காட்டிய கணக்கில் முன்னால் நின்றது சிவப்பு பாஸ்பரஸ்: கிலோ 425 ரூபாய்க்கு வாங்கியது 810 ஆகியிருந்தது. மெழுகு 58-லிருந்து 80. அட்டையும் சும்மா இருக்கவில்லை.

குச்சியின் தலையில் இருக்கும் மருந்து பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். பாஸ்பரஸ் அதில் கிடையாது. பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் பூசியிருக்கும், அதுவும் துளியளவு. அந்தத் துளி இல்லாவிட்டால் ஐம்பது குச்சியும் வீண்.

சிவப்பு பாஸ்பரஸ் மஞ்சள் பாஸ்பரஸிலிருந்து வருகிறது. பாஸ்பேட் பாறையைக் கல்கரியோடும் மணலோடும் மின் உலையில் உருக்கி மஞ்சள் பாஸ்பரஸ் எடுக்கிறார்கள்; டன்னுக்குப் பதின்மூன்றாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும் வேலை. 2021 செப்டம்பரில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, ஆண்டு முடியும் வரை ஆகஸ்ட் உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று சீனாவின் யுன்னான் மாகாணம் தன் மஞ்சள் பாஸ்பரஸ் ஆலைகளுக்கு உத்தரவு போட்டது. உலகச் சந்தையில் விலை எகிறியது. எங்கோ ஒரு மாகாணத்தின் மின்வெட்டு நம்மூர்ப் பெட்டிக்கடை வரை வந்து சேரும் வழி இதுதான்.

டெல்லி இதுவரை செய்தது விற்பனைப் பக்கக் காவல். 2023 ஜூனில், இறக்குமதி விலை 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களுக்குத் தடை. உதிரிபாகங்களாக வந்து இறங்கியதும் 2024 அக்டோபரில் அவற்றுக்கும் தடை. ஒரு லைட்டர் இருபது தீப்பெட்டியின் விற்பனையைத் தின்றுவிடும் என்பதால் இது தேவையான நடவடிக்கைதான். ஆனால் தடை போட்டு பாஸ்பரஸ் கிடைக்காது.

மூலப்பொருள் பக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளின் இந்தோ-பசிபிக் பொருளாதாரக் கட்டமைப்பில் விநியோகச் சங்கிலி ஒப்பந்தம் 2024 பிப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ளது. சரக்கு தடைப்பட்டால் உறுப்பு நாடுகள் உடனே கூடிப் பேசவும், மாற்றுச் சரக்குக்கு வழி தேடவும் அதில் ஏற்பாடு உண்டு. சீனா அதில் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் பெருமளவில் தயாரிக்கும் வியட்நாம் இருக்கிறது. ஒப்பந்தத்தின் விநியோகச் சங்கிலி மன்றம் 2024 ஜூலையில் முதன்முறை கூடியபோது துணைத் தலைவராகத் தேர்வானது இந்தியா. மன்றம் முதலில் கையில் எடுத்தவை செமிகண்டக்டர், பேட்டரிக் கனிமங்கள், ரசாயனங்கள்.

மூன்றாவது இனத்தில் பாஸ்பரஸைச் சேர்க்க இந்தியா யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை, மேசையில் வைத்தால் போதும். சிறிய ஆபீஸ்களால் தனித்தனியாகச் சரக்கு வாங்கி இருப்பு வைக்க முடியாது. சங்கங்கள் சேர்ந்து வாங்கக் குறைந்த வட்டிக் கடன் கொடுப்பது சென்னையும் டெல்லியும் செய்ய வேண்டிய வேலை. அடுத்த பட்ஜெட்டுக்கு முன் விருதுநகர், தூத்துக்குடி எம்.பி.க்கள் இதைக் கேட்க வேண்டும்.