எதிரணி இல்லையேல் ஆட்டமே இல்லை



கால்பந்தாட்டம் என்றதும் நம்மில் பலர், அது பிரேசிலுக்கும் இங்கிலாந்துக்கும் உரிய விளையாட்டு என்று எண்ணிவிடுகிறோம். ஆயினும் மாலை வேளையில் இரும்பையைச் சுற்றியுள்ள செம்மண் திடல்களின் ஓரமாக நடந்து செல்வோர், அந்த எண்ணம் பிழையென உணர்வர். புதுச்சேரிச் சாலையை ஒட்டிய சிற்றூர்களிலும், திண்டிவனம், விழுப்புரம் நகர்களின் கல்லூரித் திடல்களிலும் பந்தை உதைத்து மகிழும் இளைஞர்கள் இன்றும் உளர். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியும் நேருக்கு நேர் நிற்கும் ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். இரண்டும் ஒரே மாவட்டத்துக் கல்லூரிகள். ஒரே வீட்டில் அண்ணன் ஒன்றிலும் தம்பி மற்றொன்றிலும் பயில்வதுண்டு. தொலைவிலுள்ள ஊரிடம் தோற்றால் இரண்டு நாளில் மறந்துவிடும். அடுத்த ஊரிடம் தோற்றால் ஆண்டு முழுவதும் தேநீர்க் கடையில் அதுவே பேச்சு.

இவ்வகைப் போட்டிகளுக்கெல்லாம் நம் நாட்டில் தலையாயது ஒன்றுண்டு. வங்கத் தலைநகராம் கொல்கத்தாவில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் இரு அணிகளும் மோதும் ஆட்டமே அது. இவ்விரு அணிகளும் எதிர்ப்படாத ஆண்டு அரிது. அடுத்த முறை அவர்கள் களம் இறங்கும்போது நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னோ கைப்பேசியின் முன்னோ அமர்வார்கள். அவர்களோடு அமர்ந்து பார்க்க விரும்பும் பெற்றோருக்கு உதவும் பொருட்டு, அந்த ஆட்டத்தின் பின்னணியை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

இரு அணிகள் பிறந்த கதை

மோகன் பகான் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் தோன்றியது. அதன் புகழ் நாடெங்கும் பரவியது 1911-இல். அவ்வாண்டு ஜூலை 29 அன்று நடைபெற்ற ஐ.எப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் என்னும் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை அது 2-1 என்ற கணக்கில் வென்றது. முதலில் கோல் வாங்கிய அணிக்குத் தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் தேடித் தந்தார். அபிலாஷ் கோஷ் வெற்றி கோலைப் போட்டார். பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்து ஆடியவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. அவர் கிறிஸ்தவர், பின்னாளில் திருப்பணியாளராகவும் விளங்கினார். அடிமைப்பட்டிருந்த நாட்டுக்கு அந்த வெற்றி எத்தகைய நெஞ்சுரத்தை அளித்திருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

ஈஸ்ட் பெங்கால் பிறந்ததோ ஒரு மனத்தாங்கலில். 1920-ஆம் ஆண்டு ஜூலை இறுதியில், மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் என்னும் அணி ஆடவிருந்தது. அந்த அணி சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்க வீரரை ஆட்டத்தில் சேர்க்காமல் விட்டது. அணியின் துணைத் தலைவர்களுள் ஒருவரான சுரேஷ் சந்திர சௌதுரி அவருக்காகப் பரிந்து பேசினார், பயனில்லை. அவர் விலகிச் சென்று, நண்பர்களோடு ஆகஸ்ட் முதல் நாளே புதிய அணியைத் தொடங்கிவிட்டார். கிழக்கு வங்கத்தார் என்ற காரணத்தால் எவரும் ஒதுக்கப்படலாகாது என்பதே அதன் வித்து.

1925-ஆம் ஆண்டு மே 28 அன்று இரு அணிகளும் கொல்கத்தா லீக் போட்டியில் முதன்முறையாக மோதின. நேபாள் சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலால் ஈஸ்ட் பெங்கால் வென்றது. நூற்றாண்டைக் கடந்துவிட்ட போட்டி இது.

பிரிவினை ஊட்டிய உணர்வு

1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது, கிழக்கு வங்கத்து மக்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு இலட்சக்கணக்கில் கொல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தனர். இரயில் நிலையங்களிலும் புறநகர்க் குடியிருப்புகளிலும் தங்கி, புது வாழ்வைக் கட்டத் தொடங்கினர். ஊரை இழந்தவர்களுக்கு ஊரின் பெயரைத் தாங்கிய ஓர் அணி எஞ்சியிருந்தது. சிவப்பும் பொன்னிறமும் கலந்த அந்தச் சட்டையில் அவர்கள் தங்கள் விட்டுவந்த மண்ணையே கண்டனர். மேற்கு வங்கத்துப் பழங்குடியினரோ பச்சையும் அரக்குச் சிவப்புமான மோகன் பகான் சட்டையைத் தம் குலப்பெருமையாகக் கொண்டனர்.

இந்தப் பிரிவு அடுப்பங்கரை வரை சென்றது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் அதன் ஆதரவாளர் வீட்டில் இலிஷ் என்னும் மீன் குழம்பு கொதிக்கும். மோகன் பகான் வென்றால் இறால் வாணலியில் ஏறும். கடற்கரையை அடுத்து வாழும் நமக்கு இந்த மகிழ்ச்சி எளிதில் விளங்கும். இரு தரப்பினரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதால், மாமனார் ஒரு கட்சியும் மருமகன் மறு கட்சியுமாக ஒரே பாயில் அமர்ந்து உண்பதும் அங்கே வழக்கந்தான்.

ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலாவது, அண்மைக் கால வெற்றி தோல்விகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 1997-ஆம் ஆண்டு ஜூலை 13 அன்று, கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி நடைபெற்றது. மோகன் பகானின் புதிய ஆட்டமுறையைப் பற்றியே அன்று ஊரெல்லாம் பேச்சு. ஆட்டம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றிருந்தது. பைச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் போட்டார். அன்று அரங்கில் இருந்தோர் 1,31,781 பேர்.

இரண்டாவது, ஒரு வீரர் வெளியேற்றப்பட்டால் ஆட்டம் முடிந்தது என எண்ணாதீர்கள். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று டூரண்டு கோப்பை இறுதியாட்டத்தில், மோகன் பகான் பதின்மராகக் குறைந்த பின்னரே கோல் போட்டு 1-0 என வென்றது. ஆள் குறைந்த அணி அஞ்சிப் பின்வாங்குகிறதா, நெருங்கி நின்று ஒருவருக்கொருவர் துணை செய்கிறதா என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, நம்மவரைத் தேடுங்கள். 2023 ஆகஸ்ட் 12-ஆம் நாள் வரை ஈஸ்ட் பெங்கால் இப்போட்டியில் தொடர்ந்து எட்டு முறை தோற்றிருந்தது. அந்தத் தளையை அறுத்தவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். இரண்டாம் பாதியில் அவர் போட்ட ஒரே கோல், பல்லாண்டுத் துயரைத் துடைத்தது. இதற்கு முன்னரே, ஆசியாவின் தலைசிறந்த பந்துக் காவலருள் ஒருவராகப் போற்றப்பட்ட பீட்டர் தங்கராஜ், மோகன் பகானுக்கும் ஆடினார். ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினார். இரு தரப்பும் தன்னைப் போற்றும்படி வாழ்வது எளிதன்று.

நான்காவது, பார்வையாளர் வரிசையைப் பாருங்கள். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பர் 27 அன்று, இவ்விரு அணிகளும் கோவாவில் ஆளில்லாத அரங்கில் ஆடின. மோகன் பகான் 2-0 என வென்றது. வெற்றி வெற்றிதான்; ஆயினும் கைதட்ட ஒருவரும் இல்லை. இரசிகர் இல்லாத ஆட்டம் விருந்தினர் இல்லாத திருமணம் போன்றது. விருந்தினரே சண்டையிட்டால் என்னவாகும் என்பதையும் இப்போட்டியின் வரலாறு நமக்குக் காட்டியிருக்கிறது.

மறக்கலாகாத நாள்

1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16. ஈடன் கார்டன் அரங்கில் லீக் ஆட்டம். களத்தில் இரு தரப்பிலும் ஒவ்வொரு வீரர் மோதிக்கொண்டனர். நடுவர் இருவரையும் வெளியேற்றினார். அந்தப் பொறி பார்வையாளரிடையே தாவியது. அங்கே ஒரே பகுதியில் இரு அணி ஆதரவாளரும் கலந்து அமர்ந்திருந்தனர். கைகலப்பு மூண்டது, கற்கள் பறந்தன, தப்பி ஓட முயன்றோர் நெரிசலில் சிக்கினர். பதினாறு பேர் உயிரிழந்தனர்.

ஆட்டம் பார்த்துவிட்டு இரவு உணவுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலில் நின்ற தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அந்த வாசல்களில் மோகன் பகான் வாசல் எது, ஈஸ்ட் பெங்கால் வாசல் எது? கண்ணீருக்கு நிறமில்லை அன்றோ?

அந்நாளை வங்கம் மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16-ஐக் கால்பந்து அன்பர் நாளாகக் கடைப்பிடித்து, இரத்ததான முகாம்கள் நடத்துகிறார்கள். அவ்வாறு வழங்கப்படும் இரத்தம் எந்த அணியின் ஆதரவாளருக்குச் சேரும் என எவரும் கேட்பதில்லை. இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் வேறு இருக்க முடியுமா?

எனினும் பாடம் முழுமையாகக் கற்கப்படவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 9 அன்று, பார்வையாளர் பகுதியிலிருந்து வந்த கல் மோகன் பகான் வீரர் ரகீம் நபியின் முகத்தைத் தாக்கியது. அவர் முன்பு ஈஸ்ட் பெங்கால் சட்டையையும் அணிந்து ஆடியவர். இடைவேளைக்குப் பின் ஆட்டம் தொடரவில்லை. எறிந்த கை எவருடையதாயினும், அது தான் நேசித்த விளையாட்டையே காயப்படுத்தியது.

கடல் கடந்த ஒரு சான்று

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலும் இதுபோன்ற இரட்டை அணிகள் உண்டு. 1872-இல் ரேஞ்சர்ஸ் தோன்றியது. 1887-இல், வால்ஃப்ரிட் என்னும் மரிய சகோதரத் துறவி, நகரின் கிழக்குப் பகுதியில் பசித்திருந்த ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டும் நோக்குடன் செல்டிக் அணியைத் தொடங்கினார். குழந்தைகளின் பசியாற்றப் பிறந்த அணியின் பெயரால், பின்னாளில் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டினரும் ஒருவரையொருவர் பகைத்தது எத்துணை வேதனை! 1971-ஆம் ஆண்டு ஜனவரி 2 அன்று, இவ்விரு அணிகளின் ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறியபோது, படிக்கட்டு நெரிசலில் 66 பேர் மாண்டனர். அதே மாதத்தில் இரு அணி வீரரும் ஒரே அணியாகச் சேர்ந்து, இறந்தோர் குடும்பங்களுக்கு நிதி திரட்டக் களம் இறங்கினர். மரணம் வந்துதான் நம்மை ஒன்று சேர்க்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

நடைபெறாத ஓர் ஆட்டம்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, கொல்கத்தா அரசு மருத்துவமனை ஒன்றில் பெண் மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நகரமே கொதித்தது. ஆகஸ்ட் 18 அன்று நடைபெறவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் டூரண்டு கோப்பை ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி நீக்கப்பட்டது. அன்று மாலை, ஆட்டமில்லாத அரங்கின் வாயிலுக்கு இரசிகர்கள் வந்தனர். பச்சைச் சட்டையும் சிவப்புச் சட்டையும் தோளோடு தோள் நின்று, அந்த மகளுக்கு நீதி கேட்டன. தடியடி விழுந்தபோதும் அவர்கள் சேர்ந்தே நின்றனர்.

நூறாண்டுப் போட்டியாளர்கள் எங்ஙனம் ஒரே நாளில் ஒன்றுபட்டனர்? அவர்கள் உள்ளத்தில் பகை வேரூன்றியிருக்கவில்லை என்பதே நாம் காணும் விடை. தம் அணியின்மேல் கொண்ட அன்பு அவர்களிடம் மிகுதி. எதிரணியின்மேல் வெறுப்பு இன்றியமையாததன்று. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசியப் போட்டித் தங்கம் வென்ற இந்திய அணியை நினைவுகூருங்கள். மோகன் பகானின் சுனி கோஸ்வாமி தலைவர். ஈஸ்ட் பெங்காலில் புகழ்பெற்ற பலராம் முன்வரிசையில். இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் தங்கராஜ். கொல்கத்தாவில் ஒருவரை ஒருவர் மறித்து ஆடிப் பெற்ற திறமையே நாட்டுக்குத் தங்கமாக விளைந்தது. எதிரணி என்பது நம்மை வளர்க்கும் உரைகல்.

பெற்றோருக்கு ஒரு சொல்

நம் பிள்ளைகள் கல்லூரிக்காகவோ ஊருக்காகவோ ஆடப் புறப்படும்போது, "வென்று வா" என்று வாழ்த்துகிறோம். அது முறையே. அத்துடன் சில பழக்கங்களையும் நாம் ஊட்டலாம். நடுவரின் தீர்ப்பு தவறெனத் தோன்றினாலும் களத்தில் அதற்குப் பணியட்டும். எதிரணிப் பையன் காலில் அடிபட்டு வீழ்ந்தால், முதலில் கைகொடுப்பவன் நம் பையனாக இருக்கட்டும். சாதியின் பெயரையோ ஊரின் பெயரையோ இழித்துக் கூவும் கூட்டத்தில் நம் வீட்டுக் குரல் கலவாதிருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்று வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேளாதிருப்போம். தோல்விக்கு வீட்டில் இடமுண்டு என்றறிந்த பிள்ளைக்குத் திடலில் கல் தேவைப்படாது.

கொல்கத்தாவின் அடுத்த பெரும் ஆட்டத்தில் வெல்லப்போவது பச்சையா, சிவப்பா என்று நாம் ஆரூடம் கூறப்போவதில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து வாதாடுங்கள். இடைவேளையில் அந்தப் பதினாறு பேரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் வென்ற கட்சியும் தோற்ற கட்சியும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். அன்றைக்கு வீட்டில் இறால் சமைப்பதா, மீன் சமைப்பதா என்பதை மட்டும் வென்றவர் தீர்மானிக்கட்டும்.